கால் தெரியாத ஈப்பிடிப்பான்

கட்டைவிரலில் கோழிக் குழம்பை வைத்துக்கொண்டு கைபேசியைத் தொட்டது என் தப்புதான். சூலியா தெருவில் எங்கள் நாசி கண்டார் சோற்றுக்கடையில் மதியக் கூட்டம். ஒரு கையால் கல்லாவைப் பார்த்துக்கொண்டே மறு கையால் என் கூட்டாளி காஜா மொய்தீனுக்கு ஓர் இடத்தின் வரைபடக் குறியை அனுப்பினேன். அது காஜாவுக்குப் போகவில்லை. பினாங்கில் பைனாகுலர் வைத்திருக்கிற அத்தனை பேரும், வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்களும் அடைந்துகிடக்கும் பெரிய வாட்சாப் குழுவுக்குப் போனது. கூடவே நான் எழுதியிருந்தது: ‘மோனிக்கா சொன்ன நீல ஈப்பிடிப்பான் இங்கதான். யாருக்கும் சொல்லாதே.’

உடனே அழித்தேன். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று வாட்சாப் அத்தனை பேருக்கும் அறிவித்தது. அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவனும் எழுந்து, நீக்கப்பட்டது என்ன என்று விசாரிக்க ஆரம்பித்தான். நான் அழிப்பதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் அதைத் திரையோடு படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டான். ‘நன்றி ஹைதர் பாய்’ என்று வேறு எழுதியிருந்தான்.

அரிய பறவை உட்கார்ந்த இடத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது பறவை பார்க்கும் எங்கள் ஆட்களுக்கு முதல் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அதை நடத்துகிறவனே நான்தான்.

மோனிக்கா உடனே கூப்பிட்டாள்.

“என்னண்ணே பண்ணிட்டீங்க?”

“நான் பண்ணலம்மா. கோழிக் குழம்பு பண்ணிடுச்சு.”

அவள் சிரிக்கவில்லை. நாளைக்கு வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

மோனிக்காவுக்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை ஒட்டிவைத்து, கணினிச் சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பாள். அது முடிந்ததும் வேலிக்குப் பின்னால், பெரிய கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே மிச்சமிருக்கும் அலையாத்திப் புதருக்குப் போய் பைனாகுலரில் கண்ணை வைப்பாள். பல வருஷமாக அந்த இடம் அவளுடையது. மற்றவர்களுக்கு அங்கே கொசுவைத் தவிர ஒன்றும் தெரிந்ததில்லை.

போன பருவத்தில் அங்கே அவள் பார்த்த ஒரு பறவையை, அரிய பறவைகளைச் சரிபார்க்கும் பதிவுக் குழு ஏற்கவில்லை. படம் இல்லை, ஆதாரம் போதாது என்றார்கள். ‘அக்கா பாத்தது மைனாவா இருக்கும்’ என்று பெரிய குழுவில் ஒருவன் எழுதினான். அதற்கு நிறையப் பேர் சிரித்தார்கள். அதனால் இந்த முறை கையில் ஆதாரம் வரும்வரை வாய் திறப்பதில்லை என்று இருந்தாள். சொன்னது எனக்கும் காஜாவுக்கும் மட்டும்.

சிக்கல் இதுதான். முதுகு நீலம், தொண்டையும் நெஞ்சும் ஆரஞ்சு. அலையாத்தியில் அப்படி ஒரு ஈப்பிடிப்பான் எங்கள் ஊரிலேயே உண்டு. அதைப் பார்த்தால் யாரும் தேநீரைக்கூடக் கீழே வைக்க மாட்டார்கள். இமயமலை அடிவாரத்திலிருந்து குளிருக்கு இறங்கிவரும் இன்னொன்று உண்டு. அச்சு அசல் இதே உடுப்பு. அது இந்தப் பக்கம் வருவதே அபூர்வம். அதற்கு அலகு பெரிசு, கால் வெளிர் சிவப்பு. ஊர்க்காரனுக்குக் கால் கறுப்புச் சாயல். மோனிக்கா பார்த்ததில் அலகு பெரிசாக இருந்தது. கால் இலைக்குள் மறைந்துவிட்டது. ஒரு நல்ல படம், காலோடு. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மறுநாள் விடிகாலையில் போனேன். கால்வாய் ஓரம் முழுக்க கார்கள். பீரங்கி மாதிரி லென்சுகள் வரிசையாக முக்காலியில் நின்றன. ஒருவன் கிளையில் தேங்காய்ச் சிரட்டையைக் கட்டி அதற்குள் புழுக்களைக் கொட்டினான். இன்னொருவன் சின்ன ஸ்பீக்கரில் அந்தப் பறவையின் பாட்டையே போட்டான். தன் இடத்தில் எவனோ பாடுகிறான் என்று ரோஷம் வந்து ஈப்பிடிப்பான் இறங்கியது. பாடியது, சிரட்டைக்குள் இறங்கியது, புழு தின்றது. கேமராக்கள் படபடவென்று பொரிந்தன.

“இன்னொரு தடவ பாட்டப் போடுலா!” என்றான் ஒருவன்.

நான் என்ன செய்தேன்? “கட்டணம் கிடையாது, வரிசையில வாங்க, முன்னாடி நிக்கிறவங்க குனிங்க” என்று சினிமாக் கொட்டகைக்காரன் மாதிரி கூவினேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது போதும். சங்கடம் வந்தால் எனக்கு வாயில் ஜோக்குதான் வரும். வேறு சரக்கு கடையில் இல்லை.

மோனிக்கா வேலை முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் வந்தாள். தான் எப்போதும் நிற்கும் மரத்தடியில் போய் நின்றாள்.

“அக்கா, கொஞ்சம் தள்ளுங்க. பிரேம்ல வர்றீங்க,” என்றான் ஸ்பீக்கர்க்காரன்.

அவள் தள்ளினாள்.

அன்று மாலைக்குள் குழுவில் படங்கள் வந்து குவிந்தன. கண்ணில் ஒளி, நெஞ்சின் ஒவ்வோர் இறகு, அலகில் நெளியும் புழு. கால் மட்டும் ஒன்றிலும் இல்லை. எல்லாப் படத்திலும் கால் சிரட்டைக்குள் இருந்தது. ‘அலகைப் பார்த்தால் இருக்கலாம்’ என்றார் ஒரு வல்லுநர். ‘இல்லாமலும் இருக்கலாம்’ என்றார் மற்றவர். மூன்றாமவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார், எதற்கென்று தெரியவில்லை.

கூட்டம் வார இறுதி முடியும்வரை வந்தது. அதன் பிறகு ஒரு காலையில் மோனிக்கா எங்கள் மூவர் குழுவில் ஒரு படம் போட்டாள். சிரட்டை தொங்கிய கிளையில் மூங்கில் குச்சி ஒன்று செருகியிருந்தது. அதில் தடித்த பிசின். பிசினில் ஒட்டிக்கொண்டு ஒரு நீல வால் இறகு.

காஜாவும் நானும் போனோம். கிளை காலியாக இருந்தது. நாங்களே பாட்டுப் போட்டு, புழு வைத்து, அழைத்தால் இறங்கிவரப் பழக்கிக் கொடுத்திருந்தோம். பறவை பிடித்து விற்கிறவனுக்கு மிச்சமிருந்த வேலை ஒரு குச்சியைச் செருகுவது.

“காஜா, இது என்னாலயா?”

“டேய், அந்தக் குழுவுல எத்தன பேரு! உன் ஒரு மெசேஜாலயா?”

“அதத்தான் கேக்குறேன்.”

“பறவைன்னா வரும், போகும்லா. வா, தே தாரிக் குடிக்கலாம்.”

பெரிய குழுவிலும் கேட்டேன். ‘மனச விடாதீங்க பாய்.’ ‘எல்லாம் விதி.’ அழும் முகம் ஒன்று, கூப்பிய கைகள் நிறைய. ஸ்பீக்கர்க்காரன் நிபோங் திபாலில் வேறு ஏதோ பறவை வந்திருப்பதாகச் சொல்லி, இடம் கேட்டு எழுதியிருந்தான். வீட்டில் என் மனைவி ஹமீதாவிடம் கேட்டேன். “சாப்பிடுங்க மொதல்ல,” என்றாள்.

அன்றிலிருந்து கல்லாவில் உட்கார்ந்தபடி, பறவை விற்கிறவர்கள் விளம்பரம் போடும் பக்கங்களைத் துழாவினேன். வாடிக்கையாளர்களுக்குச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். ஒரு நாள் அகப்பட்டது. கூண்டுக்குள் நீல முதுகு, ஆரஞ்சு நெஞ்சு, பெரிய அலகு. வாலின் இடது ஓரத்தில் இறகு இல்லை. கம்பைப் பற்றி நின்ற கால்கள் பளிச்சென்று தெரிந்தன. இவ்வளவு தெளிவாக எங்கள் பீரங்கிகளில் ஒன்றுகூட எடுக்கவில்லை.

வாங்குகிறவன் போலக் கூப்பிட்டேன். “சுடா ஜுவால், பாஸ்,” என்றான். விற்றாகிவிட்டதாம். மறுபடி பார்த்தபோது விளம்பரத்தையே காணோம். முன்பே திரையில் பிடித்துவைத்திருந்த படத்தோடு வனவிலங்குத் துறைக்குப் புகார் அனுப்பினேன். புகார் கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது.

ஷிப்ட் மாறும் நேரம் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே இருக்கும் கோப்பிக் கடையில் மோனிக்காவைப் பார்த்தேன். கைபேசியை அவள் முன்னால் நகர்த்தினேன். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். சில்லு பார்க்கிற மாதிரி, முகத்தில் ஒன்றும் இல்லாமல், ஓரம் ஓரமாகப் பார்த்தாள்.

“வெளிர் சிவப்பு,” என்றாள்.

“அப்ப நீ சொன்னதுதான்! இமயமலைக்காரன்தான் அவன். உடனே எழுதிப் போடும்மா. இனிமே எவன் மைனான்னு சொல்லுவான்?”

“கூண்டுல இருக்கிறத எந்த இடத்துல பாத்தேன்னு எழுதுறது?”

“இறகு இருக்கே, அது…”

“எங்கேருந்து புடிச்சதுன்னு வித்தவன் வந்து சாட்சி சொல்லுவானா?”

வெளியே தொழிற்சாலை பஸ் ஒன்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்து, என் பக்கம் தள்ளினாள்.

“ஒரு வகையில பாத்தா,” என்றேன், “மூணு வேளையும் சாப்பாடு, தலைக்கு மேல கூரை. எங்க கடப் பையன்களுக்கே அவ்வளவு வசதி…” முடிக்க வரவில்லை. கவிழ்த்து வைத்த கைபேசியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன்.

அவள் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும்.

“மோனிக்கா, எல்லார்கிட்டயும் கேட்டேன். ஒருத்தரும் ஒழுங்கா சொல்ல மாட்றாங்க. விதிங்கிறாங்க, பறவைன்னா போகும்ங்கிறாங்க. நீ சொல்லு. அது என்னாலதானா?”

கரண்டியை எடுத்துத் தட்டில் வைத்தாள். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

“ஆமாண்ணே. உங்களாலதான்.”