ஐந்தாவதாக ஒரு பாஷை

கப்பலூர் ரப்பர் கம்பெனிக்கு இருந்த ஒரே கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க வரவில்லை என்று இந்துப்ரியா மதுரைக்குப் போன் போட்டாளே, அது மட்டும்தான் நிஜம். லினக்ஸ் போட்டுக் கொடுத்த ஸ்ரீநாத் டிவிஎஸ் வண்டியில் வந்து, கீபோர்டு பட்டியலைத் திறந்து, ‘சேர்’ என்ற பொத்தானை அமுக்கினான். ஆங்கிலத்துக்குக் கீழே தமிழ் வந்து உட்கார்ந்தது. இரண்டு நிமிட வேலை. டீயும் பேச்சும் முக்கால் மணி நேரம்.

“இதெல்லாம் போன்ல சொன்னா வராதுங்க. நேர்லதான் செய்யணும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த வாரமே புனேக்கு ஹிந்தியில் கடிதம் போகவேண்டும் என்று கூப்பிட்டாள். புனேயில் யாரும் கேட்கவில்லை. ஹிந்தி சேர்ந்தது. அதற்கடுத்த வாரம் விஜயவாடாவுக்காகத் தெலுங்கு. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான்.

பட்டியலைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். தெலுங்கு ஏற்கெனவே இருந்தது.

இந்துப்ரியாவுக்குக் காது சூடேறியது. தெலுங்கு அதில் கிடைக்குமா என்று பார்க்க முந்தின நாள் அவளே சேர்த்துப் பார்த்தாள், எடுக்க மறந்துவிட்டாள்.

“நீங்களே சேத்தீங்களா?”

“போன்ல சொன்னா வராதுன்னீங்க. சொல்லாமலே வந்துருச்சு.”

இப்போது அவன் காது சிவந்தது. இரண்டு பேர் பொய்யும் ஒரே பட்டியலில் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து இருவருக்கும் சிரிப்பு பொங்கியது. அடுத்த மேஜையில் முதலாளி முகைதீன் பிச்சை பேப்பருக்கு மேலே தலையைத் தூக்கவும், அடக்கிக்கொண்டார்கள்.

கன்னடம் வேண்டும் என்று அவள் அவசரமாகச் சொன்னாள். அவன் ‘சேர்’ பொத்தானை அமுக்கினான். அது மங்கிக் கிடந்தது, அசையவில்லை. விரல் வைத்து மேலிருந்து கீழே முணுமுணுத்து எண்ணினான்.

“நாலுதான் ஏத்துக்கும் போலங்க. இனிமே சேக்க முடியாது.”

இனிமேல் எதைச் சொல்லி இவனைக் கூப்பிடுவது? அந்தக் கவலை எழும்போதே அவள் காதில் வேறொன்று விழுந்திருந்தது. அவன் எண்ணியது தமிழில் இல்லை, அவள் அப்பா நூல் கட்டுகளை எண்ணும் அதே சௌராஷ்டிரத்தில். தங்கள் ஜனம்தானா என்று மூன்று வாரமாகக் கேட்கத் துணியாததை, நாலு வரை எண்ணிச் சொல்லிவிட்டான்.

அவள் வீட்டுப் பாஷையிலேயே பேசினாள். ஆனையூரில் வீடு எங்கே என்று சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில்தான் இருப்பார், அவன் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்றாள்.

அவனும் அதே பாஷையில், எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

“என்ன பாஷைம்மா அது?” என்றார் முகைதீன் பிச்சை. “அதையும் இதுல சேத்தாச்சா?”

“இல்ல சார், அது இந்த லிஸ்ட்லயே கெடையாது” என்றாள் இந்துப்ரியா. “நேர்லதான் பேசணும்.”