தூள் வறுத்த ட்ரெய்லர்

எங்கள் வீட்டில் பயப்படுகிற வேலை என்னுடையது. என் மனுசன் இக்னேசியசுக்கு அந்த வேலை வராது. கதவைப் பூட்டாமல் வேலைக்குப் போவார். ஹைவேயில் ஸ்ரியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் மூக்குச் சிந்துவார். அதனால் இரண்டு பேருக்குமான பயத்தையும் நானே சுமந்துகொண்டிருந்தேன். 1997 சித்திரையில், ட்ரெய்லரை வருடாந்தச் சேர்விசுக்குக் கொண்டுபோக இருந்த அந்தச் சனிக்கிழமையும் நான் விடிந்ததிலிருந்தே பயந்துகொண்டுதான் இருந்தேன்.

ட்ரெய்லர் மில்லிக்கனில் இருந்த எங்கள் வீட்டு ட்ரைவ்வேயில், பக்கத்து வீட்டு மிஸ்டர் டொனாட்டோவின் வேலியோரம் நின்றது. காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற சின்ன வீடு அது: இரண்டு கட்டில், ஒரு சின்னக் குளிர்பெட்டி, ஒரு காஸ் அடுப்பு, ஆள் திரும்ப முடியாத ஒரு கழிவறை. ஆவணியில் மிட்லண்ட் மாதா கோயிலுக்கு யாத்திரை போய்த் தங்குவதற்காகப் பழையதாக வாங்கியது. ஒவ்வொரு வருடமும் கோடைக்கு முன் மார்க்கம் நகரில் ஒரு கராஜில் அதைச் சேர்விஸ் பண்ணுவிப்போம். உள்ளே இருக்கிற சாமான்களை இறக்கிவிட்டு, துப்புரவாகக் கொண்டுவரச் சொல்வார்கள். சாமான்களை இறக்குவது ஒரு வேலையே அல்ல. எங்களுக்கு இருந்த தலையிடி மணம்.

அதற்குக் காரணம் எங்கள் மிளகாய்த்தூள். செத்தல் மிளகாயும் மல்லியும் கறுப்பாகும்வரை வறுத்து இடித்தால்தான் எங்கள் வாய்க்குக் கறி கறியாக இருக்கும். புது வீட்டுக்கு வந்த முதல் மாதம் குசினி யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வறுத்தேன். டொனாட்டோ இருமிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். தன் மனைவிக்கு மூச்சு வியாதி என்றும், இன்னொரு தரம் இந்தப் புகை வந்தால் சிற்றிக்கு, அதுதான் நகரசபைக்கு, அறிவிப்பேன் என்றும் சொன்னார். அவர் சத்தம்கூடப் போடவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு வாசலில் ஒரு கார் நின்றாலும் சிற்றிக்காரன் வந்துவிட்டான் என்றே யன்னல் திரையை நீக்கிப் பார்ப்பேன்.

"ட்ரெய்லர் சும்மாதானே நிக்குது, அதுக்குள்ளை வறுங்கோவன்" என்று வழி சொன்னவள் எமில்டா மச்சாள். வழி சொன்ன கையோடு தன் மிளகாயையும் கொண்டுவந்து இறக்கினாள். மணம் வெளியே போகக் கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நிற்க, இக்னேசியஸ் வெள்ளி நிற ஒட்டு ரேப் வாங்கி வந்து கூரையில் இருந்த காற்றுத் துவாரம், யன்னல் இடுக்குகள், தரையோரம் இருந்த ஓட்டைகள் எல்லாவற்றையும் ஒட்டிவிட்டார். அந்தத் தரையோட்டைகள் எதற்கென்று நாங்கள் யோசிக்கவில்லை. சுவரில் காஸ் கசிந்தால் அலறுகிற ஒரு பெட்டி இருந்தது. அது மிளகாய்க்கும் அலறியது. அதன் வயரைக் கழற்றிவிட்டார். அதற்குப் பிறகு சொந்தக்காரர் அத்தனை பேருடைய தூளும் எங்கள் ட்ரெய்லரில்தான் வறுபட்டது. வறுக்கிறவர்கள் கதவைக் கொஞ்சம் நீக்கி, தலையை வெளியே நீட்டி மூச்சு எடுத்துவிட்டு, திரும்பவும் உள்ளே போவார்கள்.

போன வருடம் கராஜ்காரப் பெடியன் உள்ளே ஏறியவன், கண்ணீர் வழிய வெளியே வந்து, உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான். "சமையல்" என்றார் இக்னேசியஸ். அவன் நம்பவில்லை. யாருக்கு அறிவிக்கப் போகிறானோ என்று நான் ஒரு மாதம் நித்திரையில்லாமல் கிடந்தேன். இந்த வருடம் ஒரு தடயமும் மிஞ்சக் கூடாது. ரேப்பைக் கழற்ற வேண்டும், வயரைக் கொழுவ வேண்டும், மணத்தைப் போக்க வேண்டும்.

இக்னேசியஸ் முதலில் ரேப்பில்தான் கைவைத்தார். நான்தான் விடவில்லை.

"இப்ப கழட்டினா முழு மணமும் டொனாட்டோ வீட்டுக்கைதான் போகும். முதல்லை சாம்பிராணி போடுவம். மணம் அடங்கினாப் பிறகு கழட்டுங்கோ."

"நீர் அந்த மனுசனுக்குப் பயந்தே சாகப்போறீர்" என்றார். அவருக்குக் கடும் தடிமன். இரண்டு மூக்கும் அடைத்து, பேச்சே மூக்கால்தான் வந்தது.

சாமான்களை இறக்கி முடித்தோம். அவர் அடுப்பில் காஸைத் திறந்து பூட்டுகிற திருகுகளைக் கழற்றி வினிகர் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, அடுப்பை அழுத்தி அழுத்தித் தேய்த்தார். பிறகு முன்பக்கம் போய், காஸ் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கச் சிலிண்டரைத் திறந்தார். பார்த்தவர் அதைப் பூட்டாமலே உள்ளே போய்க் கழிவறையைக் கழுவத் தொடங்கியிருக்கிறார். தேய்த்த தேய்ப்பில், திருகு இல்லாத அடுப்பின் ஒரு காஸ் குழாய் திறந்து கிடந்தது அவருக்கும் தெரியாது, எங்கள் வீட்டுக் கராஜ் வாசலில் கரி மூட்டிக்கொண்டிருந்த எனக்கும் தெரியாது.

பார்பிகியூக் கரியைப் பழைய தாச்சிச் சட்டி ஒன்றில் போட்டு, தணலாகும்வரை விசிறினேன். சாம்பிராணியைத் தூவியதும் புகை குப்பென்று கிளம்பி முகத்தில் அடித்தது. தாச்சியைத் தூக்கிக்கொண்டு ட்ரெய்லரை நோக்கி நடந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. சற்று முன்வரை கேட்ட பிரஷ் சத்தம் கேட்கவில்லை. களைத்துப்போய் இருக்கிறாராக்கும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் டொனாட்டோ வேலிக்கு மேலால் காலைத் தூக்கிப் போட்டு வருவதைக் கண்டேன். எழுபது வயது மனிதர், ஒரு கையை உயர்த்திக்கொண்டு, புல்லுக்கு மேலால் ஓட்டமும் நடையுமாக வந்தார். சரி, இன்றைக்கு எல்லாம் முடிந்தது, இனிச் சிற்றிக்காரன் வரப்போகிறான், ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போகப்போகிறான் என்று நினைத்தேன்.

"நில்லுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். "மணக்கிறது. உங்கள் ட்ரெய்லரிலிருந்து மணக்கிறது."

"சொறி சேர், ஐந்து நிமிடம்தான், இதுதான் கடைசித் தரம்" என்று சொல்லிக்கொண்டே நடையைக் கூட்டினேன். பயத்தில் எனக்கு வந்த ஒரே யோசனை, புகையைச் சீக்கிரம் உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட வேண்டும் என்பதுதான்.

படிக்கட்டில் காலை வைக்கப் போனேன். அவர் என் கையில் ஓங்கி அடித்தார்.

தாச்சி பறந்துபோய் ஈரப் புல்லில் விழுந்தது. தணல் சிதறிச் சீறியது. என் தகப்பன்கூட என்னைக் கைநீட்டி அடித்ததில்லை. ஆத்திரத்திலும் பயத்திலும் எனக்குத் தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. அவர் என்னைப் பார்க்கவேயில்லை. ஒவ்வொரு தணலாகத் தேடிச் சப்பாத்தால் மிதித்தார்.

"காஸ்" என்றார். "காஸ் கசிகிறது."

"இல்லை, அது மிளகாய்" என்றேன். இரண்டு வருடமாக மறைத்துவைத்த விசயம் வாயிலிருந்து தானாக விழுந்தது.

"இது உங்கள் மணம் இல்லை. உங்கள் மணம் எனக்கு நன்றாகத் தெரியும்."

புகை விலகியிருந்தது. அப்போதுதான் எனக்கும் மணத்தது. அழுகிய முட்டைக்கோவா மாதிரி ஒரு நாற்றம், திறந்த கதவால் காலடிக்கு வந்துகொண்டிருந்தது. அவர் முன்பக்கம் ஓடிச் சிலிண்டரைப் பூட்டினார். நெருப்போடு நான் எங்கே ஏறப் பார்த்தேன் என்பது அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது.

"உள்ளுக்கு ஆள் இருக்கு" என்று தமிழில் கத்தினேன். பிறகு அதையே ஆங்கிலத்தில் கத்தினேன்.

கழிவறைக்குள் இருட்டு. எந்த நேரமும் அவர் லைட்டைப் போடலாம். சுவிட்சில் ஒரு பொறி பறந்தால் போதும் என்று நான் வேலைசெய்கிற பாக்டரியில் படித்துப் படித்துச் சொல்லித் தந்திருந்தார்கள். அந்தப் பாடம் முழுக்க அப்போது ஞாபகத்துக்கு வந்து என்னைக் கொன்றது.

"இஞ்சாருங்கோ, லைட்டைப் போடாதேங்கோ. ஒண்டையும் தொடாதேங்கோ. வெளியிலை வாங்கோ."

டொனாட்டோ என் தோளைப் பிடித்து, போகாதே, தீயணைப்புக்காரரைக் கூப்பிடு என்றார். அவரைத் தள்ளிவிட்டு ஏறினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். நான்கு எட்டு வைத்தால் போய்விடுகிற தூரம். அதற்குள் அவர் செத்துக் கிடக்கிற கோலம் முழுவதையும் மனதில் பார்த்துவிட்டேன். சவப்பெட்டி, பூ, எமில்டா மச்சாளின் அழுகை வரை பார்த்துவிட்டேன்.

இக்னேசியஸ் கழிவறை வாசலில், சுவரில் தலையைச் சாய்த்துக் கால் நீட்டி இருந்தார். கையில் பிரஷ் இருந்தது. கண் பாதி திறந்திருந்தது.

"தலை சுத்துதப்பா" என்றார் குழறியபடி. "கொஞ்சம் லைட்டைப் போடும்."

என் வாழ்க்கையில் அவர் சொன்ன எதற்கும் நான் அப்படிப் பயந்ததில்லை. கக்கத்துக்குள் கையைக் கொடுத்து இழுத்தேன். கொழுத்த மனுசன், அசையவில்லை. "எழும்பும், எழும்படா" என்றேன். கலியாணம் செய்து பதினாறு வருடத்தில் அன்றைக்குத்தான் அவரை டா போட்டேன். எனக்குப் பின்னால் ஏறிவந்த டொனாட்டோ அவர் காலைப் பிடித்து இழுத்தார், நான் தோளைத் தள்ளினேன். மூவரும் ஒன்றாகவே புல்லில் போய் விழுந்தோம்.

வீதியின் மறு கரைக்குப் போகும்வரை டொனாட்டோ எங்களை நிற்க விடவில்லை. எதிர்வீட்டுப் போனில் அவரே ஆட்களைக் கூப்பிட்டார். திரும்பி வந்தவர், மூச்சு வாங்கியபடி, தரையோட்டைகளை யார் அடைத்தது, காஸ் கீழேதான் இறங்கும், அது வெளியே போவதற்குத்தான் அவை இருக்கின்றன என்றார். இக்னேசியஸ் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அடைத்தீர்கள்?" என்று டொனாட்டோ என்னிடம் கேட்டார்.

"உங்களுக்காக" என்றேன். "உங்களுக்கு மணக்கக் கூடாதென்று."

அவர் அடித்த கையை மற்றக் கையால் தேய்த்துக்கொண்டு, தன் வீட்டுப் பக்கம் பார்த்தபடி நின்றார். நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது.

தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றது. வீதியில் இருந்த அத்தனை பேரும் வெளியே வந்து பார்த்தார்கள். இப்படி ஒரு நாள் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தானே இத்தனை ரேப்பும் ஒட்டினோம். இப்போது யார் பார்த்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. இக்னேசியசின் சேர்ட்டைப் பின்னால் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தலைக்கவசம் போட்ட ஒருவன் ஓடிவந்தான்.

"உள்ளே யாராவது இருக்கிறார்களா?"

"இல்லை" என்றேன். "ஒருவரும் இல்லை."

அவன் வண்டிப் பக்கம் திரும்பி ஓடினான். சேர்ட் என் கைக்குள்தான் இருந்தது. இருந்தாலும் நான் திரும்பி, அந்தச் சேர்ட்டுக்குள் இக்னேசியஸ் நிற்கிறாரா என்று பார்த்தேன்.