உரசும் பல்செட்

இறந்து கிடந்த அப்பாவின் வாயில் பல்செட்டைப் பொருத்தப் போன அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள் மகள்.

“விடும்மா. தாடையில பாதியை வெட்டி எடுத்துட்டாங்க. அது எங்க போய் நிக்கும்?”

“ஊருக்கெல்லாம் பல் செஞ்சு குடுத்த மனுஷன்டி. பொக்கை வாயோடவா அனுப்புறது?”

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைவாயில் புண் வந்தபோது அப்பா யாரிடமும் காட்டவில்லை. பல்செட்தான் உரசுகிறது என்று தானே முடிவு கட்டி, மெஷினில் வைத்து ஓரத்தைத் தேய்த்தார். ஆறவில்லை. மறுபடியும் தேய்த்தார். கை வேலையில் பிசகு என்று நினைத்தாரே தவிர, உடம்பில் என்று நினைக்கவே இல்லை. புண் வெளுத்துத் தடித்து, வாயைத் திறக்க முடியாமல் போன பிறகுதான் சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதற்குள் புற்றுநோய் கழுத்துக்கு இறங்கிவிட்டது. செத்தவர் மேல் கோபப்படக் கூடாதாம். அவளுக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

பல் டாக்டர் வந்தார். அவருடைய ஆஸ்பத்திரி உள்ளறையில்தான் அப்பா இத்தனை காலமும் பல் செய்தார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்றார்.

“பக்கத்து ரூம்லதான சார் இருந்தாரு? வர்றவன் போறவன் வாயெல்லாம் பாத்தீங்க. அவரை ஒரு நாளாவது வாயைத் திறங்கன்னு சொன்னீங்களா?”

டாக்டர் தரையைப் பார்த்தார்.

அம்மாதான் குறுக்கே வந்தாள். “அவர் மேல ஏண்டி பாயுற? பல்செட்னா உரசத்தான் செய்யும். எனக்கும்தான் ரொம்ப நாளா உரசுது. உங்கப்பா ரெண்டு மூணு தடவை தேய்ச்சுக் குடுத்தாரு.”

டாக்டர் நிமிர்ந்து அம்மாவின் வாயைப் பார்த்தார்.

“எந்தப் பக்கம்மா?” என்றார் டாக்டர், மெதுவாக.

“ஒண்ணுமில்லை டாக்டர். இந்த நேரத்துல போய்...”

மகள் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். “உக்காரும்மா.”

“வண்டி வந்துருச்சுடி. எல்லாரும் காத்துட்டிருக்காங்க.”

“காத்திருக்கட்டும். அவருக்கு இனிமே என்ன அவசரம்?”

டாக்டர் கை கழுவிக்கொண்டு வந்தார். அம்மா தன் பல்செட்டைக் கழற்றி மகளின் கையில் வைத்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. டாக்டர் கைபேசி விளக்கைப் போட்டு, “நாக்கை ஓரமா ஒதுக்குங்க” என்றார்.

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். டாக்டர் திரும்பவில்லை. விளக்கை இன்னும் கிட்டக் கொண்டு போனார்.