ஏலும் சேர்

முதுகுத்தண்டின் அடியில் யாரோ ஆணி வைத்து அறைவதுபோல் இருந்தது இன்ஸாபுக்கு. குந்தினால் எழும்ப முடியாது, எழும்பினால் குந்த முடியாது. அதனால் ஆட்டம் தொடங்கியதிலிருந்து கோட்டுக்கு வெளியே நின்றபடியே நின்றார். பள்ளிக்கூடம் போகும் வயதில் கல்முனைச் சந்தையில் அரிசி மூட்டை தூக்கிய முதுகு அது. "ஏலுமாடா?" என்று மூட்டைக்காரன் கேட்பான், முடியுமா என்று. "ஏலும்" என்றவனுக்கு இராச்சோறு. "ஏலா" என்றவன் வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போகலாம்.

விளையாட்டு ஆசிரியராகி, பள்ளிக்கூடத்து பேஸ்போல் அணியைக் கையில் எடுத்தபோதும் அவர் அந்தப் படிப்பைத்தான் படிப்பித்தார். அவருடைய பொடியன்களுக்கு "ஏலா" என்ற சொல் விலக்கு. வாய் தவறிச் சொன்னவன் கடற்கரை மணலில் இன்னொருவனை முதுகில் சுமந்துகொண்டு ஓட வேண்டும். "இன்ஸாப் சேர்ட பொடியனக் கப்ருக்குள்ள வெச்சி, எழும்ப ஏலுமா எண்டு கேட்டாலும் ஏலும் எண்டுதான் சொல்லுவான்" என்று தேநீர்க்கடையில் பகிடி விடுவார்கள். அவருக்கு அது பெருமையாக இருந்தது. அடி வாங்கிக்கொண்டே போன அணியை மாகாண இறுதிப் போட்டி வரைக்கும் கொண்டுவந்தது அந்தப் பழக்கம்தானே.

சந்தாங்கேணி மைதானத்தில் கச்சான் காற்று புழுதியை வாரி இறைத்தது. கடைசி இன்னிங்ஸ். திருகோணமலை அணியைவிட ஒரு ஓட்டம் முன்னால் நின்றார்கள். எதிரணியில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவனை விழுத்தினால் கிண்ணம். ஆனால் மூன்றாவது பேஸில் அவர்களுடைய ஓட்டக்காரன் ஒருவன் கால் துடிக்க நின்றான். அவன் ஓடிவந்து சேர்ந்தால் ஓட்டம் சமன்.

நடு மேட்டில் நின்று பந்தெறிந்துகொண்டிருந்தவன் ஹிஷாம். காலையில் தொடங்கியவன் அவன்தான், இன்னும் அவன்தான். அவனுடைய வலக்கை பயிற்சியில் வந்ததல்ல. உம்மா ஜெனூபா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். அவளுடைய மணிக்கட்டு விட்டுப்போனதிலிருந்து, சுபஹுத் தொழுகைக்கு முன்னமே எழும்பி இடியப்ப உரலில் மாப் பிழிவது அவன். கட்டி மாவை ஓட்டை வழியே தள்ளித் தள்ளி முறுகிய கை. அந்த வீடு நின்றதும் அந்தக் கையில்தான்.

இப்போது ஒவ்வொரு எறிக்குப் பிறகும் அவன் அந்தக் கையை உதறினான். பந்து முன்னைப்போல் சீறவில்லை.

"சேர், அவன எடுங்க" என்றார் பக்கத்தில் நின்ற கிளெய்டன். உதவிப் பயிற்றுநர், பாண்டிருப்புக்காரர். கொழும்பில் பயிற்சி முடித்துவிட்டு வந்து, இத்தனை பந்துக்கு மேல் ஒரு பொடியன் எறியக்கூடாது என்று வந்த நாளிலிருந்து சண்டை பிடிப்பவர். "றிஹாஸ் கையச் சூடாக்கிக்கொண்டு நிக்கிறான். வேகமில்லாட்டியும் நேரா எறிவான்."

"றிஹாஸ்ட பந்த அவனுகள் கடலுக்கு அடிச்சிருவானுகள்."

"அடிச்சா அடிக்கட்டும். தோத்தா அடுத்த வருசம் வரலாம். கை போனா வருமா?"

"பொறுங்க கிளெய்டன். கேட்டுப் பாப்பம்."

இன்ஸாப் கையைத் தூக்கி நேரம் கேட்டார். இரண்டு பேரும் மேட்டுக்குப் போனார்கள். ஹிஷாமின் முகத்தில் புழுதியும் வியர்வையும் சேர்ந்து கோடு கோடாக இறங்கியிருந்தன. உதடு வெளுத்திருந்தது.

"ஏலுமா மனே?"

"ஏலும் சேர்."

"பாத்தீங்களா" என்று திரும்பினார் இன்ஸாப்.

"எதப் பாக்கிற? வேற மறுமொழி ஒண்டு இருக்கெண்டு அவனுக்கு நீங்க படிப்பிச்சிருக்கிறீங்களா?" கிளெய்டன் குரலை உயர்த்தவில்லை. பொடியன் பக்கம் குனிந்தார். "தம்பி, ஏலுமா ஏலாதா எண்டு நான் கேக்கல்ல. எங்க நோகுது? அத மட்டும் காட்டு."

ஹிஷாம் இன்ஸாபைப் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான். கையுறை மாட்டியிருந்த இடக்கை மெல்ல எழும்பி, வலது முழங்கையின் உட்பக்கத்தில் பட்டது. பட்ட மாத்திரத்தில் தோள் சுருங்கியது. உடனே கையை எடுத்துவிட்டான்.

இன்ஸாப் அதைக் கண்டார். அந்த இடம் பருத்து, தோல் மினுங்கிக்கொண்டிருந்ததையும் கண்டார்.

நடுவர் இவர்கள் பக்கம் நடக்கத் தொடங்கினார். வேலி ஓரத்தில் ஊர்ச்சனம் ஹிஷாமின் பெயரைச் சொல்லிக் கைதட்டியது. மூன்றாவது பேஸில் நின்றவன் பல்லைக் காட்டிச் சிரித்தான்.

"உங்கட முதுகுகிட்டயும் கொஞ்சம் கேளுங்க சேர்" என்றார் கிளெய்டன்.

அந்தச் சொல் இன்ஸாபுக்குச் சுட்டது. பிழையான நேரத்தில் சுட்டது. சந்தையில் எத்தனை மூட்டைக்கு எத்தனை தரம் இந்த முதுகு கெஞ்சியிருக்கும், செத்தா போனேன் என்று நினைத்தார்.

"ஒருத்தன்தான் மிச்சம்" என்றார் ஹிஷாமிடம். "முடிச்சிட்டு வா."

"ஓம் சேர்."

முதல் பந்து உயரப் போனது. இரண்டாவதைத் திருகோணமலைப் பொடியன் ஓங்கி அடித்தான். கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது, அதுவும் தவறுக் கணக்கு. மூன்றாவதுக்கு மட்டையை வீசித் தவறவிட்டான். மூன்றாவது தவறு விழுந்தால் அவுட். சனம் அடங்கிப்போனது. கிளெய்டன் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஹிஷாம் காலைத் தூக்கி, உடம்பு முழுவதையும் முறுக்கி எறிந்தான்.

நனைந்த கயிறு அறுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. கோட்டோரம் நின்ற இன்ஸாபுக்கே கேட்டது. பந்து போன வேகத்தில் மட்டை காற்றைத்தான் அடித்தது. நடுவர் அவுட் காட்டி முஷ்டியை உயர்த்தினார்.

பொடியன்கள் நாலாபக்கமும் இருந்து மேட்டுக்கு ஓடினார்கள். ஹிஷாமைத் தூக்கப் போனவர்கள் அவனுடைய முகத்தைக் கண்டு ஒவ்வொருவராக நின்றார்கள். அவன் முழங்காலில் இருந்தான். வலக்கை அவனுடையதே அல்ல என்பதுபோல் தொங்கியது.

இன்ஸாப் முதுகை மறந்து ஓடினார். "மனே, கையத் தூக்கு. தூக்க ஏலுமா?"

"ஏலும் சேர்" என்றான் ஹிஷாம். கண்ணில் தண்ணீர் ஓடியது. கை அசையவில்லை. "ஏலும்" என்று இன்னொரு தரம் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார். எலும்பில் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு முழங்கைத் தசைநார் அறுந்திருக்கிறது, கொழும்புக்கு அனுப்ப வேண்டும், வெட்டித் தைத்தாலும் எறிவதும் பாரமான வேலையும் இனிச் சந்தேகம் என்றார். இன்ஸாப் தலையாட்டினார். பிறகு வெளியே வாங்குப் பலகையில் வந்து குந்தினார்.

ஜெனூபா வந்தபோது அவளுடைய கையில் மா ஒட்டியிருந்தது. மகனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, அவருக்கு முன்னால் நின்றாள். அவர் எழும்பப் பார்த்தார். முதுகு விடவில்லை.

"இரிங்க சேர். ஒண்டுதான் கேக்கணும். நோகுது எண்டு அவன் சொன்னவனா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அது பொய்யுமல்ல.

"சொல்லல்ல" என்றார் இன்ஸாப். "காட்டினவன்."

"நீங்க கண்ட?"

"ஓம். கண்டன்."

அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். மா காய்ந்துபோயிருந்தது, போகவில்லை.

"தாத்தா, என்ன மாப்…" மூத்த சகோதரியை அழைப்பதுபோல் அழைத்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார்.

"எனக்கிட்டக் கேக்காதீங்க. நான் குடுத்தா நீங்க நிம்மதியா வீட்ட போயிருவீங்க." குரலில் கோபம்கூட இல்லை, களைப்பு இருந்தது. "அல்லாஹ்வுக்குச் செஞ்ச குற்றமெண்டா தொழுது அழுது தீர்க்கலாம். மனிசனுக்குச் செஞ்சத அந்த மனிசன்தான் விடணும். அவன் உள்ளுக்குக் கிடக்கான்."

"இப்பவே போய்க் கேக்கன்."

"இப்பக் கேட்டா ஏலும் எண்டுதான் சொல்லுவான் சேர். நீங்க என்னத்தக் கேட்டாலும் அதத்தானே சொல்லுவான். அப்பிடி ஒரு மாப்பு உங்களுக்கு வேணுமா?"

அவள் உள்ளே போய்விட்டாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளியே வீதியில் பொடியன்கள் கிண்ணத்தோடு முச்சக்கரவண்டியில் கூக்குரல் இட்டுக்கொண்டு போனார்கள்.

இன்ஸாப் வாங்கிலேயே இருந்தார். எழும்பவும் முடியவில்லை, அந்தக் கதவைத் தட்டவும் முடியவில்லை. ஹிஷாமுக்கு அவர் ஒரு வலக்கை கடன்பட்டிருந்தார்.