காத்து ஓவர்

“ரெண்டே ரெண்டு சொல்லா, காக்கா?”

“ரெண்டுதான்.”

“முப்பத்தெட்டு நாளா ஊருக்கெல்லாம் நீட்டி நீட்டிக் கதைச்சீங்களே. காத்து முடிஞ்சிற்றாம், கடல் அடங்கிற்றாம், விடியக்குள்ள வந்திருவாராம் என்டு. அவ்வளவையும் ரெண்டு சொல்லுக்குள்ளயா அடக்கினாரு?”

ஹிஷாமின் கை தானாகப் போய் செட்டின் இரைச்சலைக் குறைத்தது. கல்முனைக் கடற்கரை வீதியில் படகுச் சங்கத்தின் ஒற்றை அறை அது. கடலில் நிற்கும் படகுகளோடு கதைக்கிற வயர்லெஸ் செட் ஒன்று, வந்த செய்தியை எழுதிவைக்கிற ஒரு கொப்பி, அடியில் தேத்தண்ணி காய்ந்துபோன கோப்பை. ஏழு வருடமாக அவருடைய உலகம் அந்த மேசையளவுதான்.

எதிரே கதிரை நுனியில், எழுந்து போகிறவளைப் போலவே, றிபா உட்கார்ந்திருந்தாள். படகோட்டி அப்துல் ஸமட்டின் மனைவி; ஹிஷாமை அண்ணன் முறையில் காக்கா என்பவள். ஸமட்டும் இன்னும் இரண்டு பேரும் ஆழ்கடலில் நின்றபோது கச்சான் காற்று கிளம்பியது. கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளுகிற காற்று. அவர்கள் திரும்பவில்லை. கடைசியாக அவர்களுடைய குரலைக் கேட்டவர் ஹிஷாம்.

இன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்ததும் மூன்று பேருக்கும், உடல் இல்லாமலே தொழுகிற காயிப் ஜனாஸா வைப்பதாகப் பள்ளியில் பேசியிருந்தார்கள். மற்ற இரண்டு வீடும் தலையாட்டிவிட்டன. றிபா ஓம் என்றால் அவள் விதவை. இன்றைக்கே வீட்டைவிட்டு வெளியேறாமல் இத்தாவில் உட்கார வேண்டும், நாலு மாதம் பத்து நாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல், பத்தரை மணி வெயிலில் அவள் இங்கே வந்திருந்தாள்.

“எனக்கு அந்த ரெண்டு சொல்லும் வேணும். கூட்டாம குறைக்காம.”

“‘காத்து ஓவர்.’ அவ்வளவுதான், தங்கச்சி. அதுக்கு முன்னாலயும் கரகர என்டு இரைச்சல், பின்னாலயும் இரைச்சல்.”

றிபா அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

“செட்டில கதைக்கிறவங்க முடிவில ஓவர் போடுவாங்களாமே? நான் கதைச்சிற்றன், இனி நீ கதை என்டு. அப்படியென்டா அவரு உங்கட குரலுக்குக் காத்துக்கொண்டு இரிந்திருப்பாரே!”

“அது சட்டத்துல இரிக்கி. இஞ்ச ஒத்தரும் பிடிக்கிறல்ல. உங்கட மனிசன் சுத்தமாவே இல்ல.” ஹிஷாமை அறியாமலே ஒரு சிரிப்பு வந்தது. “இந்த வேலைக்கு வந்த புதுசில நான் அவரோட சண்ட பிடிச்சன். பேசி முடிஞ்சா ஓவர் சொல்லுங்க என்டு. என்ன சொன்னாரு தெரியுமா? ‘நான் மீன் பிடிக்க வந்த, மெச் விளையாட வரல்ல. ஓவர் எண்ணுறதுக்கு வேற ஆளப் பாரு.’ அங்கால மற்றப் படகுல காரைதீவுக் குணமும் செட்டில நிக்கான். ‘விடுங்க ஹிஷாம், ஸமட் காக்கா போடுற ஆறு பந்தும் நோ போல்தான்’ என்டான். கடல் முழுக்கச் சிரிச்சுது.”

றிபாவின் உதடு ஒரு கணம் நெகிழ்ந்து, பிறகு இறுகியது.

“அப்ப அது முடிஞ்சிற்று என்ட ஓவரா?”

“ஓம். கிளாஸ் ஓவர், கலியாணம் ஓவர் என்டு சொல்றமே. காத்து ஓவர் என்டா காத்து முடிஞ்சிற்று.”

இதை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! சொல்லிச் சொல்லி அது சீமெந்து போல இறுகி, அதன் மேல் ஆட்கள் நடக்கவும் தொடங்கிவிட்டார்கள். முதலில் ஏறி நடந்தவள் றிபா. காற்று அடங்கியிருந்தால் படகு கவிழ்ந்திருக்காது. எஞ்சின்தான் நின்றிருக்கும். நீரோட்டத்தில் போய் அந்தமான் பக்கம் எங்காவது கரை தட்டியிருக்கும். இப்படித்தான் முப்பத்தெட்டு நாளும் அவள் சோறு தின்றாள்.

அவள் கொப்பியைத் தன் பக்கம் திருப்பினாள். அந்தத் திகதிக்கு நேரே ஹிஷாமின் அழகான எழுத்தில் ‘காற்று முடிந்தது’ என்றிருந்தது.

“இதுல அவருட சொல்லே இல்லியே, காக்கா.”

“கருத்த எழுதின.”

“யாருட கருத்த?”

வெளியே ஐஸ் லொறி ஒன்று பின்னுக்குப் போகிற சத்தம். றிபா கொப்பியை மூடினாள்.

“அவரு முடிஞ்சத முடிஞ்சிற்று என்டுதான் சொல்லுவாரு. ஓவர் சொல்றது வேற இடத்துக்கு. ஆணத்துக்கு உப்பு கூடினா ‘புள்ள, உப்பு ஓவர்’ என்பாரு. வெயில் எரிச்சா ‘வெயில் ஓவர்.’ என்ட வாய் நீண்டா ‘றிபா, இது ஓவர்’ என்டு எழும்பிப் போவாரு. பதினொரு வருசம், காக்கா. முடிஞ்சதுக்கு அந்த மனிசன் ஒரு நாளும் ஓவர் என்டு சொன்னதில்ல.”

ஹிஷாமின் காதுக்குள் அந்தப் பின்னேரம் மறுபடி இரைந்தது. மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பேச ஆட்கள் வருவதாக இருந்த நாள். போட்டுக்கொண்டு போக மினுக்கிய சேட்டு இதே கதிரையின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. மஃரிப் தொழுகைக்கு முன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று மனம் ஒற்றைக் காலில் நின்றது. அப்போதுதான் அந்த இரண்டு சொல்லும் வந்தன. அவற்றுக்கு இரண்டு கருத்து உண்டென்பது அவருக்குத் தெரியாமலா போயிற்று? வீட்டுக்குப் போக விடுகிற கருத்தை அவர் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

“குணம் எங்க நிண்டாரு அந்த நேரம்?”

அவள் கேட்கக் கூடாது என்று ஹிஷாம் முப்பத்தெட்டு நாளாகப் பயந்திருந்த கேள்வி. ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்து, அங்கேயே காய்ந்துபோனது.

“பக்கத்துல. ஒரு மணித்தியால ஓட்டம். ஸமட் காக்கா பக்கம் எப்படி, போய்ப் பாக்கட்டா என்டு கேட்டான்.”

“நீங்க?”

“காத்து முடிஞ்சிற்றாம், நீ கரைக்கு வா என்டன்.”

அவள் கத்தவில்லை. மண்ணள்ளித் தூற்றவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று ஹிஷாம் நினைத்தார். ஒரு மனிதன் காற்றுக்கு நடுவில் நின்று, காற்று கூடிப்போச்சு, ஆள் அனுப்பு என்று கேட்டிருக்கிறான். தானாகப் போகக் கேட்ட ஆளையும் இவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். இதற்கு எந்தப் பள்ளியில், யாருக்காகத் தொழுவது?

றிபாவின் மடியில் போன் அதிர்ந்தது. பள்ளி நம்பர். அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

“தங்கச்சி, என்ன மன்னிச்சிருங்க என்டு கேக்க எனக்கு...”

“அது மறுகா. இப்ப எனக்கு நேரமில்ல.” அவளுடைய குரல் வற்றிப்போயிருந்தது. “அவரு உப்பு ஓவர் என்டு சொல்லக்குள்ள கடைசிய இழுப்பாரு. குரல் மேல ஏறும். சும்மா சொன்னா இழுவை வராது. நீங்க சொல்றதுதான் செரி என்டா, முடிஞ்சிற்று என்டதத்தான் அண்டைக்கு மட்டும் அப்படிச் சொன்னாரென்டா, அந்த இழுவை இரிந்திருக்காது. பள்ளிக்கு நான் ஒரு மறுமொழி குடுக்கணும். அந்தக் குரல் இன்னும் உங்கட காதுக்குள்ள இரிக்கிதானே?”

அவர் தலையாட்டினார்.

“கண்ண மூடிக்கொண்டென்டாலும் செரி. அவரு சொன்ன மாதிரியே, அவருட குரல்ல, எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டுங்க, காக்கா.”