முதலில் தொட்டது யானை

எனக்கும் என் நாத்தனாருக்கும் வாய்ச்சண்டை இல்லாத நாளே கிடையாது. ஆனாலும் அன்று அவள் ஆடிய ஆட்டத்தைப் பற்றி நான்தான் சொல்வேன். வேறு யார் சொன்னாலும் பாதியை விட்டுவிடுவார்கள்.

எங்கள் சதுரங்கக் கழகப் போட்டியின் கடைசி ஆட்டம். ஜெயித்தவருக்கு அணியில் முதல் பலகை, அதாவது முதன்மை ஆட்டக்காரரின் இடம். அந்த இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் ஒரு வக்கீல். "லேடீஸ் கடைசிப் பலகையில ஆடினா போதும்" என்று என் காதுபடவே சொன்னவர். அவரிடம் நான் ஏற்கெனவே மண்ணைக் கவ்வியிருந்தேன். அதனால் அன்று அவரோடு மோதிய இவள் ஜெயித்தே ஆகவேண்டும் என்று எனக்கு வெறி.

இவள் பல் மருத்துவரிடம் உதவியாளர். வேலை முடிந்து வந்ததும் என்னை எதிரே உட்கார்த்தி ஒரே ஆரம்பத்தைத்தான் ஆடுவாள்: சிப்பாய், குதிரை, மந்திரி, அப்புறம் கோட்டை. ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றிக் கோட்டை கட்டும்போது எங்கள் வீட்டில் யானையைத்தான் முதலில் எடுப்போம். என் வீட்டுக்காரர் பழக்கிவிட்ட லட்சணம் அது. போட்டியில் ராஜாவைத்தான் முதலில் தொடவேண்டும். யானையைத் தொட்டால் யானையை மட்டுமே நகர்த்த வேண்டும்.

அன்றும் பழக்கதோஷத்தில் அவள் விரல் யானைமேல் பட்டுவிட்டது. வக்கீல் தலைகுனிந்து தன் நகர்வை எழுதிக்கொண்டிருந்தார். 'அவர் பார்க்கலடி, ராஜாவை எடு!' என்று மனதுக்குள் கத்தினேன். அவள் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு யானையையே பக்கத்துக் கட்டத்தில் வைத்தாள்.

வக்கீல் சிரித்துக்கொண்டே தன் ராஜாவுக்குக் கோட்டை கட்டினார். இவள் ராஜாவோ நட்டநடுவில் நின்றது. அவள் அசரவில்லை. யானைக்கு முன்னாலிருந்த சிப்பாயைக் கிடுகிடுவென்று முன்னே தள்ளினாள். அது வக்கீலின் குதிரையை விரட்டியது, கோட்டைச் சுவரை உடைத்தது. திறந்த வழியில் அந்த யானையே உள்ளே புகுந்தது. வக்கீல் கை நீட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

"அந்த யானை நகர்வு எந்தப் புத்தகத்துல இருக்குங்க?"

"புத்தகமெல்லாம் இல்ல சார். கோட்டை கட்டப்போய் யானையை முதல்ல தொட்டுட்டேன்."

"நான் கவனிக்கவே இல்லையே! பேசாம கட்டியிருக்கலாமே?"

"அதெப்படி சார்? எங்க அண்ணி பாத்துட்டிருந்தாங்களே."

வெளியே வரும்போது வாசல் காவலாளியிடம் வலியப் போய், "முதல் பலகை இனிமே எங்க நாத்தனாருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறினேன்.