வளைவின் முதுகில் மண்மூட்டை

விடியுமுன்பே கீரிக் கிராமத்துக் கரையில் மண்மூட்டை கட்டத் தொடங்கிவிட்டோம். கடற்கரை மணல் பனி குடித்துக் கனத்துக் கிடந்தது. அருள்நாயகி சாக்கின் வாயைப் பிடிக்க, பேச்சியம்மா மண்வெட்டியால் அள்ளிக் கொட்டினாள். சணல் கயிறு இருவர் விரல்களையும் அறுத்திருந்தது. நான் பம்பு ஓட்டுகிறவன். இரவெல்லாம் குழாய்க்குள் தண்ணீர் நிரப்பிவிட்டு, உள்ளே சிக்கிய காற்றை வெளியே விட்டுக்கொண்டிருந்தேன்.

சண்டை நின்றதுபோல் பாவனை செய்த வருடம் அது. தீவுக்குக் குடிதண்ணீர் வரப்போகிறதாம். திறந்து வைக்கக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வருகிறாராம். அதற்குள் குழாயைச் சோதித்து முடிக்க வேண்டும். அன்றாடம் ஓடப்போகும் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறும்போது நேர்க்குழாய் பேசாமல் கிடக்கும். வளைவு கிடக்காது. பல தொன் பலத்தோடு வெளிப்பக்கம் உதைக்கும். அந்த உதையை வாங்க வளைவின் முதுகில் கொங்கிறீற் கட்டை இருக்க வேண்டும். வரைபடத்தில் இருந்தது. தரையில் இல்லை. அதற்கு வந்த சீமெந்து, கொந்தராத்துக்காரன் கிறகரியின் வீட்டுக்கு மேல்மாடியாக எழும்பிக்கொண்டிருந்தது.

"மூட்டை அடுக்குங்கோ. துவக்குச் சூட்டையே மறிக்குது, தண்ணியை மறிக்காதோ?" என்றான் அவன்.

வெட்கக்கேடு என்னவென்றால், போன மாதம் நடந்த முதற்சோதனையில் நாங்களும் அதை நம்பினோம். பதுங்குகுழி வெட்டிப் பழகிய கைகள். மூட்டைக்குப் பின்னால் உயிர் தப்பும் என்பது எங்களுக்கு வேதம். அழகாக அடுக்கி, பனங்குற்றியால் முட்டும் கொடுத்தோம். துவக்குச் சன்னம் ஒருதரம் இடித்துவிட்டு மூட்டைக்குள் செத்துப்போகும். குழாய் அப்படியல்ல, விடாமல் தள்ளும். மணல் விலகியது. குற்றி சரிந்து, முட்டு இறுக்கிக்கொண்டு நின்ற தங்கையாவின் காலைக் குழாய்க்கு வெட்டிய கிடங்கின் சுவரோடு நசுக்கியது. பேச்சியம்மாவின் புருசன். முழங்காலுக்குக் கீழே இப்போது அவனுக்கு ஒன்றுமில்லை. அவள் வேலைக்கு வராவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

எஞ்சினியர் அன்றும் இருந்தார், இன்றும் இருக்கிறார், குடைக்குக் கீழே கதிரையில். கணக்கு அவருக்குத் தெரியும். தெரிந்ததை விழுங்கிச் சம்பளம் வாங்கும் வர்க்கம்.

கிறகரி வந்தான். "ரெண்டு பேர் கிடங்குக்கை இறங்கிக் குற்றியை இறுக்குங்கோ. டேய், பம்பைப் போடு."

ஒருவரும் அசையவில்லை.

"என்ன, செவிடோ?"

"கட்டையைப் போடுங்கோ, இறங்கிறம்," என்றாள் அருள்நாயகி.

அவன் குரலைத் தாழ்த்தினான். "நாயகி, நீ எங்கட கோயில் ஆள். தோட்டக்காட்டான் ஒருத்தன் கவனமில்லாமல் காலைக் குடுத்ததுக்கு நீ ஏன் துள்ளுறாய்?"

மலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களை இழிக்கும் அந்தச் சொல்லுக்கு, தங்கையா விழும்வரை, எங்களில் சிலர் சிரித்துமிருக்கிறோம். இன்று சிரிக்கவில்லை.

பேச்சியம்மா மண்வெட்டியை ஊன்றினாள். "மொதலாளி, கவனமான காலு ஒங்களுக்கு ரெண்டு இருக்கே. நீங்க எறங்குங்க. எஞ்சினியர் ஐயாவையும் கூட்டிக்கிட்டு எறங்குங்க. நாங்க மேல நின்னு பம்பு போடுறோம்."

இப்போது சிரித்தோம். நான் எஞ்சினியரிடம் கேட்டேன்: "சொல்லுங்கோ ஐயா, மூட்டை தாங்குமோ?"

"அது... முதலாளியின்ரை பொறுப்பு," என்றவர், கதிரையைக் கிடங்கிலிருந்து பின்னுக்கு இழுத்துப் போட்டார். அதைவிடத் தெளிவான பதிலை எந்தப் பொறியியலாளரும் தந்ததில்லை.

"ஆளில்லையெண்டு நினைச்சியளோ? கட்டுக்கரைக் குடியேற்றத்திலை தோட்டக்காட்டாரை ஒரு லொறி ஏத்திக்கொண்டு வாறன். நீங்கள் வீட்டை போங்கோ!" கிறகரி வாகனத்தில் ஏறினான்.

நாங்கள் போகவில்லை. நான் வடிகால் வாயைத் திறந்தேன். இரவெல்லாம் நிரப்பிய தண்ணீர் மணலில் பாய்ந்தது. உடுப்புத் தோய்க்கவாவது ஆகுமென்று பெண்கள் வாளிகளோடு ஓடி வந்தார்கள். இனி யாரைக் கொண்டுவந்தாலும் இன்றைக்குச் சோதனை இல்லை.

வெயில் ஏறியபோது லொறி வந்தது. மண்வெட்டிகளோடு குதித்தவர்கள் எங்களைப் பார்க்காமல் கிடங்கை நோக்கி நடந்தார்கள். பேச்சியம்மா அவர்களுக்கு முன்னால் போய் நின்றாள். சற்றே இடம் பெயர்ந்த வளைவையும் அன்று சரிந்த பனங்குற்றியையும் கையால் காட்டினாள்.

"இதுலதான் எங்க வீட்டுக்காரரு காலு போச்சு."

முன்னால் வந்தவர் நின்றார். "யாரு, நம்ம தங்கையாவா?"

"ஆமாண்ணே."

அவர் கிடங்குக்குள் எட்டிப் பார்த்தார். பின்னால் கிறகரி கத்தினான்: "ஆமியைக் கூப்பிடுவன்! எல்லாரையும் உள்ளுக்குப் போடுவன்!" கூப்பிடக்கூடியவன்தான்.

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள். அருள்நாயகி, தான் குந்தியிருந்த மூட்டையில் ஒதுங்கி இடம் விட்டாள்.

"இருங்கோ அண்ணை. ஆமி வர நேரம் கிடக்கு."